கந்தல் துணிக்கும் கண்ணாடிப் பெட்டியா?

பாம்பன் மகள்:
இராமநாதபுரத்தில் பெண்கள் வரலாற்றுக்கென்று ஓர் அருங்காட்சியகம் அமைய வேண்டும் என்று நான் எழுதியதற்கு, சேதுநாட்டான் இந்த இணைய மன்றத்தின் வேறொரு விவாத இழையில், "கடற்பாசி எடுக்கும் பெண்கள் விரலில் சுற்றும் கந்தலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் அது அருங்காட்சியகமா, பழைய துணிக்கடையா?" என்று கேட்டிருக்கிறார். அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள். ஆகவே இங்கே எழுதுகிறேன். அந்தக் கந்தலைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் தாயார் பழைய சேலையை இரண்டு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் கிழித்து, ஒவ்வொரு விரலாகச் சுற்றி, கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்குவார். சேலைக்கு மேல் ஓர் ஆண் சட்டையும் கண்ணுக்கு நீச்சல் கண்ணாடியும் அணிந்து, மூச்சடக்கி முங்கி, பாறை இடுக்கில் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்துக்கொண்டு அவர் கரையேறும்போது, துணி கிழிந்த இடத்திலெல்லாம் விரலும் கிழிந்திருக்கும். இது வரலாறு இல்லையென்றால் வேறு எது வரலாறு என்பதைச் சேதுநாட்டானே சொல்லட்டும்.

சேதுநாட்டான்:
கண்ணீர் விட்டு எழுதுவதால் கந்தல் பட்டாகிவிடாது, சகோதரி. இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி கட்டிய இராமலிங்க விலாசம் அரண்மனை தொல்லியல் துறையின் பொறுப்பில் ஏற்கெனவே காட்சியகமாக இருக்கிறது. வேண்டுமானால் அதிலேயே ஓர் அறையை ஒதுக்கி, எங்கள் இராமநாதபுரத்து அரசி வேலு நாச்சியாரின் சிலையை வைக்கலாம். வாளுக்குப் பக்கத்தில் கந்தலை வைப்பது அந்த வாளுக்கே இழுக்கு.

காளையார்கோவிலான்:
"இராமநாதபுரத்து அரசி" என்பதைத் திருத்துங்கள். 1730-இல் அவர் பிறந்தது செல்லமுத்து சேதுபதியின் மகளாக என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 1772-இல் அவருடைய கணவர் முத்துவடுகநாதர் வீழ்ந்தது எங்கள் காளையார்கோவிலில். திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சியில் மறைந்திருந்து, ஹைதர் அலியின் துணையோடு 1780-இல் அவர் மீட்டதும் சிவகங்கைச் சீமையைத்தான். அவர் சிவகங்கையின் அரசி. மணிமண்டபமும் சிவகங்கையில்தான் இருக்கிறது.

சேதுநாட்டான்:
வாள் பிடிக்கக் கற்றது எந்த ஊரில் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.

பாம்பன் மகள்:
அந்த அம்மையார் 1796-இல் மறைந்துவிட்டார். பிறந்த வீடும் புகுந்த வீடும் இன்னும் சீர்வரிசைக் கணக்கை முடித்த பாடில்லை. அது கிடக்கட்டும். இராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களில் மன்னரைச் சூழ நிற்கும் பெண்களில் ஒருவருடைய பெயரையாவது சேதுநாட்டான் சொல்லட்டும். 1803-இல் ஆங்கிலேயரிடம், நிலவரியை நிரந்தரமாக நிர்ணயிக்கும் சன்னது என்ற பட்டயம் பெற்று இராமநாதபுரம் ஜமீனை நடத்திய மங்களேசுவரி நாச்சியாரின் பெயர் அவர் எழுதிய எந்தப் பதிவிலாவது வந்திருக்கிறதா? அரண்மனைப் பெண்ணுக்கே இந்த நிலை என்றால், கஞ்சிப்பாசி அரித்த பெண்ணுக்கு அங்கே எந்த அறையை ஒதுக்கப்போகிறார்?

கீழக்கரை வாசகர்:
இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். இராமேசுவரத்தில் அமைத்தால், இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு வருகிறவர்கள் ஈரம் காய்வதற்காக மட்டுமே உள்ளே நுழைவார்கள். கீழக்கரையே பொருத்தமானது. ஆண்கள் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் சென்றுவிட, வீட்டையும் வரவு செலவையும் தனியே நடத்திய பெண்கள், அவர்கள் முடைந்த ஓலைக் கொட்டான்கள், அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழில் வாசித்த ஏடுகள் என்று இங்கே காட்டுவதற்கு நிறைய இருக்கின்றன.

சேதுநாட்டான்:
இப்போது கொட்டானும் சேர்ந்துவிட்டது. நாளை துடைப்பமும் வரும். நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கந்தலைப் பார்க்க யார் நுழைவுச்சீட்டு வாங்குவார்கள்?

பாம்பன் மகள்:
வாங்குகிறார்கள். வியட்நாமின் ஹனோய் நகரத்துப் பெண்கள் அருங்காட்சியகத்தில், தெருவில் கூடை சுமந்து விற்கும் பெண்களின் வாழ்க்கையையே காட்சியாக வைத்தார்கள். ஜெர்மனியின் பான் நகரத்தில் 1981-லேயே பெண்களுக்கென்று அருங்காட்சியகம் தொடங்கிவிட்டது. வாஷிங்டனில் இதற்கான சட்டம் 2020 டிசம்பரில் வந்தது. சட்டம் வந்த பிறகும் எந்த இடத்தில் கட்டுவது என்று இழுத்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன், இல்லையென்றால் அதை நீங்கள் சொல்லிக் காட்டுவீர்கள். நம் கடற்கரைக்கு வருவோம். 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின், இருபத்தொரு தீவுகளைச் சுற்றித் தலைமுறையாகப் பாசி எடுத்த பெண்கள் அத்துமீறியவர்களாக நடத்தப்பட்டார்கள். அதே பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். அவர்களை ஒன்றுதிரட்டிய சின்னப்பாலத்து லட்சுமி அவர்களுக்கு 2015-இல் தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கு அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தரும் பரிசு கிடைத்தது. கடல் கடந்து இருப்பவர்களுக்குத் தெரிந்தது, தேவிபட்டினத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியவில்லை.

சேதுநாட்டான்:
பரிசு அந்த அம்மையாருக்குக் கிடைத்தது, கந்தலுக்குக் கிடைக்கவில்லை. மேலும், பழைய பாம்பன் ரயில் பாலத்தைப் பற்றிய இழையில் அது திறக்கப்பட்ட 1914 என்பதை 1941 என்று எழுதிவிட்டு, சுட்டிக்காட்டிய என்னிடமே சண்டைக்கு வந்தவர் நீங்கள். உங்கள் ஆண்டுக் கணக்கை நான் எப்படி நம்புவது?

பாம்பன் மகள்:
அது தட்டச்சுப் பிழை என்று அன்றே சொன்னேன். ஒன்பது மாதமாக அந்த ஒற்றைப் பிழையைப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்து வருகிறவருக்கு, அருங்காட்சியகம் எதற்கு என்ற கேள்வி எழக்கூடாது.

கீழக்கரை வாசகர்:
இடத்தைப் பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பாம்பன் மகள்:
என் தாயார் கடைசியாகக் கடலுக்குச் சென்ற நாளில் சுற்றியிருந்த துணி இன்னும் என்னிடம் இருக்கிறது. உப்பேறி விறைத்து, விரலின் வளைவு அப்படியே அதில் நிற்கிறது. ஓரத்தில் பழுப்பாக இருப்பது துரு அல்ல. சேதுநாட்டான் பாம்பனுக்கு வந்தால் கையில் கொடுக்கிறேன். பிடித்துப் பார்த்துவிட்டு அதன் பிறகு கந்தல் என்று சொல்லட்டும்.

சேதுநாட்டான்:
பிடித்துப் பார்த்தாலும் கந்தல் கந்தல்தான்.

காளையார்கோவிலான்:
"இராமநாதபுரத்து அரசி" இன்னும் திருத்தப்படவில்லை.