வன்னியின் 30 ஆண்டு மழைப் பதிவை எங்கே பெறலாம்?

உறவுகளுக்கு வணக்கம். காலபோக (மாரி மழையை நம்பிய பெரும்போக நெல்) விதைப்புத் தேதியை மாற்றக் கோரி, கிளிநொச்சியிலுள்ள எங்கள் கமக்காரர் அமைப்புக்காக நான் எழுதிய அறிக்கை, "காலநிலை மாற்றத்தால் மழை பிந்துகிறது என்பதற்கு ஆதாரம் எங்கே?" என்ற குறிப்புடன் கடந்த மாதம் திரும்பி வந்துவிட்டது. கேள்வி நியாயமானது.

1850–1900 காலத்தைவிட 2011–2020இல் புவியின் மேற்பரப்பு ஏறத்தாழ 1.1 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறியிருந்தது என்பதை, காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா.வின் அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து எடுத்துக் காட்டியிருந்தேன்; ஆனால் அது உலகச் சராசரி, எங்கள் வயலின் மழையைப் பற்றிப் பேசாது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறக்கப்பட்டதையும் சேர்த்தேன். ஒரு வெள்ளத்தை வைத்து நீண்டகாலப் போக்கை நிறுவ முடியாது.

கையில் இருப்பவை, அப்பா முற்றத்து மழைமானியை நாள்தோறும் காலை 8.30க்குப் பார்த்து எழுதிய கொப்பிகள். ஓரங்களைக் கறையான் அரித்திருந்தாலும் மில்லிமீற்றர் எண்கள் தெளிவாகவே உள்ளன. அவை 2011இலிருந்தே தொடங்குகின்றன, முந்தியவை இடப்பெயர்வில் தொலைந்தன. காலநிலைச் சராசரிக்கு உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுகளை அளவாகக் கொள்வதால், இவை மட்டும் போதா.

கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ உரிய, குறைந்தது 30 ஆண்டு நாளாந்த மழைவீழ்ச்சித் தரவை, போர்க்கால இடைவெளிகள் குறிக்கப்பட்ட நிலையில், யாரிடம் எவ்வாறு விண்ணப்பித்துப் பெறலாம்?