மறு: டார்க் ஃபேன்டசிக்குத் தமிழில் என்ன?

நண்பர்களுக்கு,

‘டார்க் ஃபேன்டசி’, அதாவது இருளும் கொடுமையும் கலந்த மாயக்கதை வகைக்குத் தமிழில் பெயர் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்ன யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘இருண்மைப் புனைவு’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

‘இருண்மை’யைக் கவிதைக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புதுக்கவிதை புரியவில்லை என்று சண்டை நடந்த காலத்திலிருந்தே அதற்குப் ‘பொருள் விளங்காமை’ என்றுதான் அர்த்தம். இருண்மைப் புனைவு என்றால் புரியாத கதை என்று நினைத்துக்கொள்வார்கள்.

> கரும்புனைவு?

ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எனக்குக் கரும்புதான் முதலில் தெரிகிறது. பொங்கல் மலருக்கு வைத்துக்கொள்ளலாம்.

‘இருட்புனைவு’ பரவாயில்லை, சொற்கள் சேரும் விதமும் சரி. பேய், பிசாசு, சாபம் எல்லாம் வரும் பொதுவகைக்கு அது போதும். ஆனால் எனக்குப் பெயர் வேண்டியது அதற்குள் இருக்கும் ‘கிரிம்டார்க்’ என்ற உள்வகைக்கு, நல்லவன் என்று யாரும் இல்லாத, கொடூரமான கதைகளுக்கு. வார்ஹேமர் 40,000 விளையாட்டின் விளம்பர வாசகத்திலிருந்து கிளம்பிய சொல் அது. ஆங்கில நாவலாசிரியர் ஜோ அபர்குரோம்பி ட்விட்டரில் தன் பெயரையே ‘லார்ட் கிரிம்டார்க்’ என்று வைத்துக்கொண்டார். அவருடைய ‘ஃபர்ஸ்ட் லா’ வரிசையை (2006 முதல் 2008 வரை மூன்று நாவல்கள்) இப்போது மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கேள்வியே அதில் பிறந்ததுதான்.

அதில் குளோக்டா என்று ஒருவன். இளமையில் வாள்போட்டியில் வென்ற அழகன். போரில் பிடிபட்டு, எதிரியின் சிறையில் இரண்டு ஆண்டு சித்திரவதைப்பட்டுத் திரும்பியவன். இப்போது அரசாங்கத்துக்காகப் பிறரைச் சித்திரவதை செய்வது அவன் வேலை. மேல்வரிசையில் பல் இருக்கும் இடத்தில் கீழே இருக்காது, கீழே இருக்கும் இடத்தில் மேலே இருக்காது. கடிக்கவே முடியாதபடி பார்த்துப் பார்த்துப் பிடுங்கியிருக்கிறார்கள். கஞ்சி மாதிரி எதையாவது குடித்துக்கொண்டு, கோலை ஊன்றிக் காலை இழுத்து இழுத்து நடக்கிறான். டிராகன், மந்திரவாதி எல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவனுடைய பரம வைரி மாடிப்படி. படிக்கட்டைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று யோசித்துக்கொண்டேதான் ஏறுகிறான்.

இதில் அச்சம் எங்கே இருக்கிறது? எனக்குப் பயமே வரவில்லை. வந்தது வேறு. உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைப் புரட்டினால் அதற்குப் பெயர் இருக்கிறது: இளிவரல், அதாவது இழிவுணர்ச்சி. அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார் தொல்காப்பியர்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. குளோக்டாவை வரிசையாக ஒப்பிட்டுப் பாருங்கள். வயதுக்கு முந்திய கிழட்டுத்தனம், தீராத நோவு, இரவும் பகலும் வேதனை, படுக்கையிலிருந்து எழவே துணை தேவைப்படும் பலவீனம். நான்கில் ஒன்றுகூடப் பாக்கியில்லை!

திகில் கதை அச்சத்தில் நிற்கிறது, வழக்கமான மாயக்கதை மருட்கையில், அதாவது வியப்பில் நிற்கிறது. இது இளிவரலில் நிற்கிறது. ஆகவே என் பரிந்துரை: ‘இளிவரல் புனைவு’. சேர்த்து எழுதினால் ‘இளிவரற்புனைவு’ ஆகிவிடும், அட்டையில் பார்க்க நன்றாக இருக்காது. பிரித்தே எழுதுவோம்.

அன்புடன்.

* * *

ஐயா, இலக்கணம் எல்லாம் சரிதான். ஆனால் இன்றைக்கு ‘இளி’ என்றால் யாருக்கு இழிவு ஞாபகம் வரும்? பல்லை இளிப்பதுதான் வரும். அப்புறம் இன்னொன்று. நானும் அந்த வரிசையைப் படித்தேன், பாதி இடத்தில் சிரித்துவிட்டேன். கலிங்கத்துப் பரணியில் செத்தவர்களின் பல்லை அரிசியாக்கி, யானைத் தந்தத்தால் குற்றிப் பேய்கள் கூழ் காய்ச்சுமே, அங்கேயும் சிரிப்புதானே வருகிறது? உங்கள் சொல்லில் அந்த நகைக்கு இடமில்லையே.

* * *

தம்பி, பரணியை மறந்தது என் தப்பு. கூழ் இடத்தில் நானும் சிரித்தவன்தான்.

ஆனால் நீங்கள் குறையாகச் சொன்னதே எனக்கு வசதியாகப் படுகிறது. குளோக்டா எதிரே கட்டிப்போட்டவனைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் என்ன செய்வான்? அந்த ஓட்டைப் பல்லைக் காட்டி இளிப்பான். கேள்வியே அப்புறம்தான். அதனால் சொல்லில் இளிப்பும் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். மாற்ற வேண்டாம்.