நான்கு மெத்தை, ஒரு நோட்டு: டிரெய்னர்களுக்குத் தன்னம்பிக்கை வந்த விதம்

பர்சனல் டிரெய்னர், 9 ஆண்டுகள்

ஜிம்மில் வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று மாதம் நான் பெரும்பாலும் எடைப் பிளேட்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். யாரும் அடுக்கச் சொல்லவில்லை. கையில் வேலை இருந்தால் யாரும் வந்து எதுவும் கேட்க மாட்டார்கள், அந்த நிம்மதிக்காகத்தான். சான்றிதழ் இருந்தது. ஒருவர் ஸ்குவாட் (முழங்கால் மடக்கித் தாழ்ந்து எழுவது) போடும்போது முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் கண்ணில் பட்டுவிடும். பக்கத்தில் போய் "இப்படிச் செஞ்சு பாருங்க" என்று சொல்லத்தான் வாய் வராது. நான் ஒல்லி வாகு. அதே தளத்தில் கை பருத்த சக டிரெய்னர் ஒருவர் இருந்தார். சந்தேகம் கேட்க வருகிறவர்கள் என்னைத் தாண்டி அவரிடம் போவார்கள். உடம்பு பெருத்தால் நம்பிக்கை தானாக வந்துவிடும் என்று நினைத்து ராத்திரி பகலாக எடை தூக்கினேன். கொஞ்சம் உடம்பு ஏறியது, நம்பிக்கை இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்போதுதான் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா வந்து சேர்ந்தார். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். உடற்பயிற்சி செய்யலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். வேறு யாருக்கும் நேரம் ஒழியாததால் மேலாளர் அவரை என்னிடம் விட்டார். "எடை குறையணும்னு வரலை தம்பி. தரையில உட்கார்ந்தா யார் கையையும் பிடிக்காம எந்திரிக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

ஒரு தாழ்வான பெட்டியின் மேல் நான்கு ஃபோம் மெத்தைகளை அடுக்கி, அதில் உட்கார்ந்து எழச் சொன்னேன். ஐந்து முறை, மூன்று செட். அவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வாட்ச் பட்டையின் தடம் தோலில் பதிந்துவிட்டது. என் கையும் நடுங்கியது. அவர் கீழே போய்விட்டால் என்ன செய்வது என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் ஓடவில்லை. முடிந்ததும் நோட்டில் எழுதினேன்: "4 மெத்தை, 5 × 3, கை பிடித்து."

இரண்டாவது வாரம் அவர் கேட்டார்: "கால் கொஞ்சம்கூடப் பருக்கலையே, எப்படி எந்திரிக்க லேசா இருக்கு?" எனக்குப் பதில் தெரியும். தொடக்க வாரங்களில் கூடுகிற வலுவில் பெரும்பங்கு தசை பெருத்து வருவதில்லை. இருக்கிற தசையை நரம்பு மண்டலம் நன்றாக வேலை வாங்கப் பழகுவதால் வருவது அது. இதைச் சொல்லும்போது என் குரல் தடுமாறவில்லை. அந்தத் தளத்தில் அப்படி நான் பேசியது அதுதான் முதல் தடவை.

ஆறாவது வாரம் இரண்டு மெத்தைதான் மிச்சம். ஏதோ வீட்டுக் கதை பேசிக்கொண்டே உட்கார்ந்தார், பேசிக்கொண்டே எழுந்தார். நான் நீட்டிய கை அப்படியே காற்றில் நின்றது. பிடிக்காமல் எழுந்ததை அவர் கவனிக்கவே இல்லை. நானும் அப்போது சொல்லவில்லை, நோட்டில் மட்டும் குறித்துக்கொண்டேன். அன்று இரவு அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். "உன்னால் முடியும்" என்று அதற்கு முன் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கங்கள் சொன்ன அளவுக்கு யார் சொல்லும் உள்ளே இறங்கியதில்லை.

பிறகுதான் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவைப் படித்தேன். 1977இல் எழுதிய கட்டுரையில், 'இதை என்னால் செய்ய முடியும்' என்ற எண்ணம் ஒருவருக்கு நான்கு வழிகளில் வருவதாகச் சொல்கிறார். தானே செய்து முடித்தது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல்லி ஊக்கியது, உடம்பும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. நான்கிலும் வலுவானது முதலாவது. நம் தொழிலில் மூன்றாவதைத்தான் அதிகம் விற்கிறோம். சுவரெல்லாம் வாசகங்கள், பாட்டுச் சத்தம், "கமான், இன்னும் ஒண்ணு!" அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் புது டிரெய்னருக்கு அதைவிட அவசரமாக வேண்டியது, தொடங்கிய இடத்திலிருந்து ஓரிடம் வரை தானே கொண்டுபோய்ச் சேர்த்த ஒரே ஒரு ஆள்.

உங்களுக்கு அது எந்த ஆளிடம், எப்படி நடந்தது? எழுதுங்கள்.

குழு வகுப்புகள் எடுப்பவர், 6 ஆண்டுகள்

அண்ணா, எனக்கு முதலாவதைவிட நீங்கள் சொன்ன இரண்டாவதுதான் முதலில் கிடைத்தது. பார்பெல் (எடை மாட்டும் நீளக் கம்பி) பக்கம் பெண் டிரெய்னர்கள் நிற்பதை நான் பார்த்ததே இல்லை. சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சீனியர் அக்கா ஒருவர் வந்தார். என் உயரம், என்னைவிட மெலிந்த தோள். சத்தம் போடமாட்டார். ஒருவர் பக்கத்தில் நின்று, இரண்டு ரெப் (ஒரு தடவை செய்து முடிப்பது ஒரு ரெப்) பார்த்துவிட்டு, ஒரே ஒரு வார்த்தை சொல்வார். அந்த ஆள் திருத்திக்கொள்வார். அவரைப் பார்க்கும் வரை, நம்பிக்கையான டிரெய்னர் என்றால் குரல் பெரிதாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் பல வருடமாக எடை தூக்கும் ஒருவருக்கு டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடக்கும் கம்பியைத் தூக்கி நிமிர்வது, பார்க்கச் சொன்னார்கள். என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்களா சொல்லித் தரப்போறீங்க?" என்றார். முகம் சுட்டது. ஆனாலும் அந்த அக்கா நிற்கிற மாதிரி நின்றேன். இரண்டு ரெப் பார்த்தேன். கம்பி அவர் முன்கால் எலும்பிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அதனால் பாரம் இடுப்பில் விழுந்தது. "இடுப்பை இப்படி வை, முதுகை அப்படி வை" என்று நான் ஆரம்பிக்கவில்லை. "கம்பியைத் தூக்காதீங்க, தரையைக் காலால அழுத்தித் தள்ளுங்க. கம்பி உங்க பேண்ட்டை உரசிக்கிட்டே வரட்டும்" என்றேன்.

காரணம் உண்டு. சொந்த உடல் உறுப்பின் மேல் கவனத்தை வைப்பதைவிட, வெளியே நடக்கும் விளைவின் மேல் வைத்தால் அசைவு நன்றாகப் பழகுகிறது என்பதை கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1990களின் இறுதியிலிருந்து தொடர்ந்து சோதித்து எழுதியிருக்கிறார். படித்திருந்தேன், பழகியும் பார்த்திருந்தேன்.

அடுத்த ரெப் கம்பி நேர்க்கோட்டில் ஏறியது. கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார், அவ்வளவுதான். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, எனக்குத் தேவையும் படவில்லை. அதற்குப் பிறகு யாராவது "நீங்களா?" என்றால் நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. கம்பியைப் பார்ப்பேன்.

சொந்தமாகச் சிறு ஸ்டுடியோ நடத்துபவர்

நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். இதையும் யாராவது சொல்லியாக வேண்டும்.

எனக்குத் தன்னம்பிக்கைக்குக் குறைவே இருந்ததில்லை. மூன்றாம் ஆண்டில் ஒரு கிளையண்ட், செட்டுக்கு நடுவே, "பின்தொடையிலிருந்து பாதம் வரை சுரீர்னு இழுக்குது" என்றார். "அது ஒண்ணுமில்ல, மனசுதான் பயப்படுது, விடாதீங்க" என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். மறுநாள் காலை அவரால் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. தேறிவர வெகு நாள் ஆனது. என்னிடம் கோபப்படவில்லை, திரும்ப வரவும் இல்லை. அவர் "இழுக்குது" என்று சொன்னபோது முகம் எப்படி இருந்தது என்பது இன்றைக்கும் எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. அவர் முகத்தை அன்றைக்கே பார்த்தேன். பார்த்தும், என் நம்பிக்கையைத்தான் நம்பினேன்.

அதன்பின் யார் சேர்ந்தாலும் முதல் நாளே பார்-க்யூ (PAR-Q) கேள்விகளை, அதாவது உடற்பயிற்சி தொடங்கும் முன் உடல்நிலையை அறியும் கேள்விகளை, உட்கார வைத்துக் கேட்கிறேன். ஏழே கேள்விகள்தான். இதயக் கோளாறு, நெஞ்சுவலி, தலைச்சுற்றல், எலும்பு மூட்டுத் தொந்தரவு, மருந்து என்று போகும். ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தாலும், எடையைத் தொடும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொல்கிறேன். "இது என் வேலை இல்லை, இதைப் பார்க்க வேண்டியவர் டாக்டர்" என்று கண்ணைப் பார்த்துச் சொல்வதற்கு, 100 கிலோ தூக்கிக் காட்டுவதைவிட அதிகத் துணிச்சல் வேண்டியிருந்தது. ஆட்கள் போய்விடுவார்கள் என்று பயந்தேன். அப்படிச் சொல்லி அனுப்பியவர்களில் பலர் சீட்டோடு திரும்பி வந்தார்கள், சிலர் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு.

இன்னும் தேர்வில் தேறாதவர்

எல்லாரும் பெரியவர்கள், என் கேள்வி சின்னது. எனக்கு 41 வயது. பதினைந்து வருட அலுவலக வேலைக்குப் பிறகு இந்தத் தொழிலுக்கு வருகிறேன். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன், செய்முறைத் தேர்வில் போய்விட்டது. தெரியாமல் இல்லை. தேர்வாளர் முன்னால் நின்றதும் அடுத்த அசைவின் பெயர்கூட வரவில்லை. கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. இந்த வயதில் யார் என்னிடம் வருவார்கள் என்ற எண்ணமும் கூடவே ஓடுகிறது. இதை எப்படிக் கடந்தீர்கள்?

பர்சனல் டிரெய்னர், 9 ஆண்டுகள்

வயதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வந்த அந்த அம்மாவுக்கு இருபத்திரண்டு வயது டிரெய்னரைவிட உங்களைப் பார்த்தால் தைரியம் கூடியிருக்கும். நாற்பதைத் தாண்டி, முதல் நாள் பயத்தோடு ஜிம்முக்குள் வருகிறவர்கள் ஏராளம். உங்களுக்கு முன்னால் நிற்கப்போவது அவர்கள்.

தேர்வுக்கு இப்படிச் செய்து பாருங்கள். வீட்டில் ஒருவரை நிறுத்தி, ஸ்குவாட், லஞ்ச் (ஒரு காலை முன்வைத்துத் தாழ்ந்து எழுவது), புஷ்-அப், மூன்றை மட்டும் வாய்விட்டுச் சொல்லித் தாருங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது மட்டும் போதாது, குரல் வெளியே வர வேண்டும். போனில் பதிவு செய்து கேளுங்கள். எங்கே வார்த்தை நிற்கிறதோ அந்த இடத்தை மட்டும் மறுபடி. மூச்சு வேகமெடுத்தால் அதைத் தோல்வியின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வார்ம்-அப் முடிந்ததும் உடம்பு அப்படித்தான் இருக்கும், அதை நம் கிளையண்டுகளுக்கு நாமே சொல்லுகிறோம். ஒவ்வொரு நாளும் ஒரு வரி நோட்டில் எழுதுங்கள்: எந்த அசைவு, எத்தனை தடவை நின்றது.

முடிந்தால் நேரில் ஒருமுறை எனக்கே சொல்லிக் கொடுங்கள், தேர்வாளர் மாதிரி கையில் தாளோடு நிற்கிறேன். தேர்வு என்றைக்கு?