மிலான் வடிவமைப்பு வாரத்தில் இரண்டே நாள்கள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: கிடைக்கோடு

அனைவருக்கும் வணக்கம். 2026 ஏப்ரல் 21 முதல் 26 வரை மிலானில் நடைபெறும் அறைகலன் கண்காட்சியை ஒட்டி, 24ஆம் தேதி வெள்ளி மாலை சூரிச்சிலிருந்து ரயிலேறி, ஞாயிறு இரவு திரும்புவதாகத் திட்டமிட்டிருக்கிறோம். என் மனைவி உள்ளரங்க வடிவமைப்பாளர். நானோ நாற்காலி என்றால் உட்காருவதற்கு என்ற அளவோடு நின்றுவிட்டவன். ரோ என்னும் புறநகரில் உள்ள கண்காட்சி வளாகத்துக்கு ஒரு நாளைக் கொடுப்பதா, நகருக்குள் நடப்பவற்றோடு நிறுத்திக்கொள்வதா என்பதில்தான் எங்கள் வீட்டில் வழக்கு நடக்கிறது. நகர நடுவில் விடுதி வாடகை மலைக்க வைக்கிறது. எங்கே தங்கலாம் என்பதையும் சொல்லுங்கள். அவ்வளவு நாகரிகமான கூட்டத்தில் எப்படி உடுத்துவது என்று மனைவி கேட்கச் சொன்னார். உண்மையில் அந்தக் கவலை எனக்குத்தான்.

பதில்: முற்றத்துத்தூண்

இரண்டே நாள்கள்தான் என்றால் ரோவை விட்டுவிடுங்கள் என்பேன். அங்கே நடக்கும் அறைகலன் கண்காட்சி, அதாவது 1961இல் தொடங்கிய சலோனே தெல் மோபிலே, அடிப்படையில் ஒரு வணிகச் சந்தை. வார நாள்களில் தொழில் சார்ந்தவர்களுக்கும், சனி, ஞாயிறுகளில் பொதுமக்களுக்குமாக நடப்பது. நிறுவனங்கள் அந்த வளாகத்துக்கு வெளியே தங்கள் காட்சிக்கூடங்களிலும் பட்டறைகளிலும் தனியாகக் கடை விரிக்கத் தொடங்கியது 1980களின் தொடக்கத்தில். அதுவே இன்று ஃபுவோரிசலோனே என்ற பெயரில் நகரம் முழுவதும் பரவியிருக்கிறது. பெரும்பாலான இடங்களில் கட்டணம் இல்லை. சிலவற்றுக்கு மட்டும் முன்பதிவு வேண்டும். அதைப் புறப்படுமுன் வீட்டிலிருந்தே செய்துவிடுங்கள், வாசலில் நின்று கைப்பேசியில் படிவம் நிரப்பும் வரிசைதான் அங்கே மிக நீளமானது.

நான் ஆண்டுதோறும் போவது பொருள்களைப் பார்ப்பதற்காக அல்ல, கதவுகளுக்காக. மற்ற நாள்களில் சாத்தியே கிடக்கும் மாளிகைக் கதவுகள் அந்த ஒரு வாரம் திறந்திருக்கும். சின்க்வே வியே பகுதியின் ஒடுங்கிய தெரு ஒன்றில், பித்தளை அழைப்புமணிகள் வரிசையாகப் பதித்த ஒரு வாயிலைத் தாண்டினேன். உள்ளே கூழாங்கல் பாவிய முற்றம்; நடுவில் ஆளுயரக் கண்ணாடி விளக்குகள். அவற்றைச் சுற்றி ஐம்பது பேர் படமெடுத்துக்கொண்டிருக்க, அந்த வீட்டில் குடியிருக்கும் முதியவர் ஒருவர் எதையும் நிமிர்ந்து பாராமல் தம் பூந்தொட்டிகளுக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். விளக்குகளைச் செய்தவர் யார் என்பது மறந்துவிட்டது, அந்த முற்றம் மறக்கவில்லை.

அரை நாளுக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேரா பகுதியில் தாவரவியல் தோட்டத்தைத் தவறவிடாதீர்கள். அரசுப் பல்கலைக்கழகம் இயங்கும் கா கிராந்தா என்னும் கட்டடம், 1456இல் கட்டடக் கலைஞர் பிலாரெத்தே மருத்துவமனையாகக் கட்டத் தொடங்கியது. அதன் பெரிய முற்றத்தில் ஆண்டுதோறும் பிரம்மாண்டமான அமைப்புகளை நிறுத்துவார்கள். அவற்றில் பாதி வெறும் விளம்பரம் என்பது என் கருத்து, ஆனாலும் அந்தத் தூண்களுக்காகவே போகலாம்.

பதில்: ஒட்டுப்பலகை

மேலே எழுதியவரோடு பாதிதான் உடன்படுகிறேன். கேட்டவரின் மனைவி இதே தொழிலில் இருப்பவர். அவரை ரோவுக்குப் போகாதே என்பது சமையல்காரரைச் சந்தைக்குப் போகாதே என்பது போன்றது. இரட்டைப்படை ஆண்டுகளில் சமையலறைக்கும் குளியலறைக்கும், ஒற்றைப்படை ஆண்டுகளில் விளக்குகளுக்கும் தனிப் பிரிவுகள் அமைவது வழக்கம் என்பதால், 2026இல் சமையலறைகளைக் காணலாம். அதைவிட, 1998இல் மார்வா கிரிஃபின் தொடங்கிய சலோனே சட்டெலித்தே என்னும் பகுதியைச் சொல்வேன். 35 வயதுக்குட்பட்ட வடிவமைப்பாளர்கள் தாங்கள் செய்த பொருளின் பக்கத்திலேயே நிற்பார்கள். இந்த மூட்டு எப்படிப் பிடிக்கிறது என்று கேட்டால், விற்பனைப் பேச்சு இல்லாமல் நாற்காலியையே கவிழ்த்துக் காட்டுவார்கள். பெரிய நிறுவனங்களின் அரங்குகளில் அது நடக்காது.

மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் கடைசி நிறுத்தம் ரோ. நகருக்குள் செல்லும் சாதாரணப் பயணச்சீட்டு அங்கே செல்லாது. வங்கி அட்டையை உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் தட்டினால் சரியான கட்டணம் தானாகக் கழியும்.

நாற்காலி உட்காருவதற்கு மட்டுமே என்று எழுதிய கணவருக்கு ஒன்று. அந்த வாரத்தில் ஆர்க்கோ விளக்கு எங்கேனும் உங்கள் கண்ணில் படும். 1962இல் கஸ்தில்யோனி சகோதரர்கள் வடிவமைத்தது. வளைந்த தண்டைத் தாங்கும் கராரா பளிங்குக் கட்டையின் எடை ஏறத்தாழ 65 கிலோ. அதில் ஒரு துளை இருக்கும். அழகுக்காக என்று எண்ணிவிடாதீர்கள்: துடைப்பக் கம்பை அதில் நுழைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் இரண்டு பேர் விளக்கைத் தூக்கி நகர்த்தலாம். விரலால் அதன் விளிம்பைத் தடவிப் பாருங்கள், பிறகு உங்கள் மனைவி பேசுவது பிடிபடத் தொடங்கும்.

பதில்: மாலைத்தடம்

தேதியை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஏப்ரல் 25 சனிக்கிழமை இத்தாலியின் விடுதலை நாள், அரசு விடுமுறை. அன்று பிற்பகல் போர்த்தா வெனேசியா பக்கமிருந்து தேவாலயச் சதுக்கத்துக்குப் பெரும் ஊர்வலம் செல்வது மரபு. அந்த வழியில் டிராம்களையும் டாக்சிகளையும் நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். ஆகவே சனி பிற்பகலை நவில்யி கால்வாய்க்கு அருகிலுள்ள தோர்த்தோனா பகுதிக்கு ஒதுக்கிவிட்டு, பிரேராவைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

தங்குவதற்கு மொன்சா நல்லது. புறநகர் ரயிலில் கால் மணி நேரத்துக்குள் மிலானை எட்டிவிடலாம். கோமோ அழகுதான், ஆனால் விடுமுறை சேர்ந்த வார இறுதியில் ஏரிக்கரையிலும் விலை இறங்காது.

உடையைப் பற்றிக் கவலை வேண்டாம். அங்கே வருபவர்களில் பாதிப்பேர் கறுப்பிலும் கருநீலத்திலும்தான் திரிவார்கள். நன்கு தைத்த ஒரே ஒரு மேலங்கி போதும். புதுச் செருப்பு மட்டும் கூடாது. பழைய நகரப்பகுதியின் கல் பாவிய தெருக்களில் ஒரு நாள் நடந்தால் குதிகால் பேசும். ஏப்ரலில் மழையும் உண்டு, குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவில் வியா ப்ளீனியோவிலுள்ள பார் பாஸ்ஸோவுக்குப் போய்ப் பாருங்கள். நெக்ரோனி என்னும் கலவை மதுவில் ஜின்னுக்குப் பதிலாக நுரைமதுவைச் சேர்த்த 'ஸ்பல்யாத்தோ' பிறந்த இடம் அது. அந்த வாரத்தில் வடிவமைப்பாளர் கூட்டம் நடைபாதையைத் தாண்டிச் சாலை வரை நிற்கும். மது அருந்தாதவர்களுக்கும் அந்த வேடிக்கை உண்டு.

மறுமொழி: கிடைக்கோடு

மூவருக்கும் மிக்க நன்றி. விடுதலை நாள் எங்கள் கணக்கிலேயே இல்லை. வழக்கு சமரசத்தில் முடிந்தது: சனி முழுவதும் இருவரும் நகரில், ஞாயிறு காலை மனைவி ரோவுக்கு, நான் கட்டடக் கலைஞர் பியெரோ போர்த்தலுப்பி 1930களில் கட்டிய வில்லா நெக்கி என்னும் மாளிகைக்கு. தோட்டமும் நீச்சல் குளமும் உண்டு என்று படித்தேன். நாற்காலிகளைப் பார்த்துச் சலித்தால் அங்கே உட்காரலாம். மாலை நான்கு மணிக்கு மத்திய ரயில் நிலையத்தில் சந்திப்போம். மொன்சாவில் அறை எடுத்தாகிவிட்டது.

பதில்: ஒட்டுப்பலகை

நல்ல ஏற்பாடு. வில்லாவில் செடிகளைக் கண்ணாடிகளுக்கிடையே வளர்க்கும் தாழ்வாரத்தைப் பாருங்கள். மனைவியிடம் மறவாமல் ஓர் அளவுநாடாவைக் கொடுத்தனுப்புங்கள். படமெடுக்கச் சில அரங்குகளில் முகம் சுளிப்பார்கள். கேட்டுவிட்டு அளந்தால் இதுவரை என்னை ஒருவரும் தடுத்ததில்லை.