வன்னியில் மூன்று நாள் சைக்கிள் பயணம்: எதைக் கட்டிச் செல்வது, எதை விட்டுச் செல்வது?

கேள்வி (வவுனியாவிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். வருகிற ஆடி மாதத்தில் நானும் என் மைத்துனரும் வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் மாங்குளம் சென்று, ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவை அடைந்து, புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்கு வந்து சேர எண்ணியிருக்கிறோம். மூன்று பகல், இரண்டு இரவு.

என்னிடம் இருப்பது 700சி சில்லுகளும் 28 மில்லிமீற்றர் ரயர்களும் கொண்ட பந்தய வகைச் சைக்கிள். மைத்துனரிடம் 26 அங்குல மலைச் சைக்கிள் உள்ளது. கூடாரம், உறக்கப் பை, காஸ் அடுப்பு, சமையல் பாத்திரம், மாற்றுடைகள் என்று நான் எழுதிய பட்டியலைச் சேர்த்து நிறுத்துப் பார்த்தபோது 14 கிலோ வந்தது. சட்டத்துக்குள் மாட்டும் பையும், சீற்றுக்குப் பின்னால் நீட்டிக் கட்டும் பையும், ஹாண்டிலில் கட்டும் உருளைப் பையும் வாங்கினால்தான் இவ்வளவையும் ஏற்றலாம் என்கிறார்கள்; அவற்றின் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. இந்த வீதிகளை அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (முள்ளியவளையிலிருந்து)

தம்பி, பையைப் பற்றி யோசிக்க முன்னர் சில்லைப் பற்றி யோசியுங்கள். நான் நீண்ட காலமாகச் சைக்கிள் திருத்துகிறேன். எங்கள் பக்கத்துச் சிறு கடைகளில் நம்பிக் கேட்கக்கூடியவை 28 × 1½ ரியூபும் 26 அங்குல ரியூபும்தான். 700சி ரயரையும் பேச்சு வழக்கில் 28 என்று சொல்வதால் இரண்டும் ஒன்று என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ரயர் அமரும் இடத்தில் 700சி சில்லின் விட்டம் 622 மில்லிமீற்றர். எங்கள் பழைய 28க்கு 635. ஒன்றின் ரயர் மற்றதில் ஏறாது. ரியூபை எப்படியாவது மடித்து நுழைக்கலாம் என்றாலும் வால்வு இடம் கொடுக்காது: மெல்லிய வால்வுக்காகத் துளைத்த றிம்மில் ஓட்டை ஆறரை மில்லிமீற்றர்தான், சாதாரண வால்வுக்கு எட்டு வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பிள்ளை இத்தகைய சைக்கிளை உச்சி வெயிலில் உருட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். ரியூப் வால்வின் அடியில் கிழிந்திருந்தது. அந்த இடத்தில் ஒட்டுப் போட்டாலும் நிற்காது. என்னால் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் மட்டுமே கொடுக்க முடிந்தது. அந்தக் கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆகவே உங்கள் சைக்கிளை வீட்டில் விட்டு, கரியர் பூட்டிய உறுதியான சைக்கிள் ஒன்றை உறவினரிடம் கேட்டு வாங்குங்கள். அதிலேதான் வருவேன் என்றால் இரண்டு மாற்று ரியூபும், அந்த வால்வுக்குப் பொருந்தும் கைப்பம்பும், ஒட்டுச் சாமானும் கட்டாயம் வேண்டும். நெருஞ்சியும் விடத்தல் முள்ளும் வீதி ஓரத்தில் இருக்கும். முள் ஏறினால் ரியூபை ஒட்டியதோடு நிறுத்தாமல், ஒரு பழந்துணியை ரயரின் உட்புறம் முழுவதும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். முறிந்த முள்ளின் நுனி கண்ணுக்குத் தெரியாது. துணியில் நூல் மாட்டும். அதைப் பிடுங்காமல் ரயரை ஏற்றினால் அரை மைல் போக முன்னரே மறுபடியும் காற்றுப் போய்விடும்.

பதில் 2 (கிளிநொச்சியிலிருந்து)

முன்னவர் சொன்னதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் எரிபொருள் கிடைக்காதிருந்தபோது விறகு, நெல், நோயாளி என அனைத்தையும் சைக்கிளிலேயே ஏற்றினோம். இடம்பெயர்ந்தபோது வீட்டையே ஏற்றினோம். அந்தக் காலத்தில் கற்றதையே சொல்கிறேன். கழுவிக் காயவைத்த இரண்டு உரப்பைகளின் வாய்களைச் சேர்த்துத் தைத்து, கரியரின் இருபுறமும் சம பாரமாகத் தொங்கவிடுங்கள். பழைய ரியூபை இரண்டு விரல் அகல நாடாக்களாக வெட்டி இழுத்துக் கட்டினால், கயிற்றைப்போல் தளராமல் குலுக்கத்துக்கு ஏற்ப இறுகிக்கொண்டே இருக்கும். பாரமானவை அடியிலும் சீற்றுக்கு அண்மையிலும் இருக்கட்டும். மிதிக்கும்போது குதிக்கால் பையில் தட்டுகிறதா என்று வீட்டு முற்றத்திலேயே பார்த்துவிடுங்கள்.

உங்கள் 14 கிலோவில் பாதி தேவையற்றது. ஆடி மாத இரவில் உறக்கப் பைக்குள் படுத்தால் வியர்வையில் நனைவீர்கள். ஒரு சாரம் போதும், அதுவே போர்வையும் துவாயும் ஆகும். அடுப்பையும் பாத்திரத்தையும் விடுங்கள், மாங்குளத்திலும் ஒட்டுசுட்டானிலும் புதுக்குடியிருப்பிலும் சாப்பாட்டுக் கடைகள் உள்ளன. கூடாரத்துக்குப் பதிலாகப் பாயும் நுளம்பு வலையும் எடுத்துச் செல்லுங்கள். காட்டில் தங்கும் எண்ணத்தை அடியோடு கைவிட வேண்டும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கங்களில் யானை நடமாட்டம் உண்டு. மண்டையோட்டுப் படத்துடன் சிவப்புப் பலகை நிற்கும் இடங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. சிறுநீர் கழிக்கவும் வீதியை விட்டு உள்ளே இறங்காதீர்கள். கிராம அலுவலரிடம் முன்கூட்டியே பேசினால் கோயில் மடத்திலோ பொது மண்டபத்திலோ படுக்க இடம் கிடைக்கும். இருட்டுவதற்கு முன்னர் அங்கே போய்விடுங்கள்.

பதில் 3 (ஒட்டுசுட்டானிலிருந்து)

நானும் என் தோழியும் சென்ற ஆண்டு இதே வழியில் சென்றோம். ஐயா சொன்ன உரப்பையோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று பலமாக வீசும் என்பதால் பைகள் அகன்று உப்பியிருக்கக் கூடாது. போகும்போது காற்று முதுகில் தள்ளும். முல்லைத்தீவிலிருந்து மேற்கே திரும்பும்போது அதே காற்று இடப்பக்கமும் முகத்திலும் அடிக்கும், ஹாண்டிலில் அகலமாக எதைக் கட்டினாலும் சைக்கிள் இழுபடும். அதனால் மூன்றாம் நாள் விடிந்து வெளித்ததும் புறப்பட்டு, காற்று எழும்புவதற்குள் பெரும்பகுதித் தூரத்தைக் கடந்துவிடுங்கள்.

தண்ணீரில் மட்டும் பாரம் குறைக்க வேண்டாம். அகலப்படுத்திய ஏ9 வீதியில் நிழல் குறைவு; மணிக்கு முக்கால் லீற்றர் வரை குடிக்க வேண்டியிருந்தது. ஆளுக்கு மூன்று லீற்றர் சுமந்தோம். போத்தலுக்கு ஈரச் சாக்குத் துணி சுற்றினால் காற்றுப் பட்டுத் தண்ணீர் குளிர்ந்திருக்கும். கடலோரக் கிணறுகள் சில உவர். கொதிக்க வைத்தாலும் உப்புப் போகாது, ஆதலால் முள்ளியவளையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சொக்லேற் உருகிப் பையெல்லாம் ஒட்டும். பனங்கட்டி, எள்ளுருண்டை, பொரிவிளாங்காய் ஆகியன மூன்று நாளும் கெடவில்லை. உடல் நீர் வற்றினால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனித் தூள் பைக்கற்றுகள் இரண்டையும் மறக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாமாவின் கரியர் சைக்கிளைக் கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொல்லிவிட்டார். பட்டியல் இப்போது தண்ணீர் நீங்கலாக ஆறரைக் கிலோவாகக் குறைந்துள்ளது. புறப்பட முன்னர் வேறு ஏதேனும் பார்க்க வேண்டுமா?

பதில் 1 (முள்ளியவளையிலிருந்து)

முழுப் பாரத்தையும், தண்ணீரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒரு காலையில் ஓமந்தை வரை சென்று திரும்புங்கள். வந்ததும் பின்சில்லைச் சுற்றவிட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக விரல்களால் அழுத்திப் பாருங்கள். தளர்ந்த கம்பி இருந்தால் வவுனியாவிலேயே இறுக்கிக்கொண்டு வாருங்கள், தம்பி.