பழைய டீசலா, புது டீசலா? காட்டுப்பாதைக்கு வண்டி தேடுகிற புதியவர்களுக்கு

ஒரு தம்பி நேற்று கேட்டிருந்தார்: "அண்ணா, இந்த நாட்டுக்கு வந்து ஆறு மாசம் ஆகிறது, லைசென்ஸ் மாற்றியாச்சு. மலை, மணல், காட்டு வழி என்று லீவு நாளில் சுற்ற ஒரு டீசல் ஃபோர் வீல் டிரைவ் வாங்கலாம் என்றிருக்கிறேன். பழைய எஞ்சின் சாகவே சாகாது, புதுசெல்லாம் கம்ப்யூட்டர், நடுக்காட்டில் விட்டுவிட்டுப் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?"

பாதி உண்மை தம்பி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால்தான் பணம் கரையும். நான் இரண்டையும் வைத்திருந்தவன், இரண்டிடமும் அடி வாங்கியவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. லீவு நாளை விடுங்கள், திங்கள் முதல் வெள்ளி வரை அந்த வண்டி என்ன செய்யப் போகிறது? புதிதாக வந்தவர்கள் இரண்டு வண்டி வைத்துக்கொள்வது அபூர்வம். காடு ஏறுகிற அதே வண்டிதான் பிள்ளையைப் பள்ளியில் விடும், நாலு கிலோமீட்டரில் இருக்கும் ஆபீசுக்கும் போகும். புது டீசலுக்குப் பாறையும் சேறும் பிரச்சினையே இல்லை, இந்த நாலு கிலோமீட்டர்தான் எமன்.

ஏன் என்றால், 2009 வாக்கில் யூரோ 5 என்ற ஐரோப்பியப் புகை விதி வந்ததிலிருந்து டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற ஒரு வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது. புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஓரளவு நிரம்பியதும் எஞ்சின் கூடுதலாக டீசலைச் செலுத்தி, வடிகட்டியைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடாக்கி, அந்தக் கரியை எரித்துவிடும். அது முடிய நிலையான வேகத்தில் பத்து இருபது நிமிஷம் ஓட வேண்டும். நீங்கள் அதற்குள் ஆபீஸ் வாசலில் வண்டியை அணைத்துவிட்டால் வேலை பாதியில் நிற்கும். நாளைக்கு மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு முறையும் எரியாத டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கும். ஆயில் குறைகிறதா என்று பார்த்துத்தானே நமக்குப் பழக்கம்? இதில் ஆயில் ஏறும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் மேல் கோட்டைத் தாண்டி நிற்கும், முகர்ந்தால் டீசல் வாடை. "பரவாயில்லை, ஆயில் நிறையவே இருக்கிறது" என்று சந்தோஷப்பட்டவன் நான்தான். நீர்த்துப்போன ஆயிலில் பேரிங் எத்தனை நாள் தாங்கும்?

வண்டி கரியை எரித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தால் கண்டுபிடிக்கலாம். நின்றிருக்கும்போது எஞ்சின் வேகம் கொஞ்சம் கூடியிருக்கும், ஃபேன் காரணமில்லாமல் சத்தம் போடும், சூடான வாடை வரும். அந்த நேரம் வீட்டு வாசலில் இருந்தால்கூட அணைக்காமல் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். காய்ந்த புல் மேல் மட்டும் அப்போது நிறுத்தவே நிறுத்தாதீர்கள், அடியில் இருக்கிற சூட்டில் தீப்பிடிக்கும். அப்புறம், ஆயில் ஊற்றும்போது டிபிஎஃப் வண்டிக்கான குறைந்த சாம்பல் ஆயில்தானா என்று பாருங்கள். கரி எரியும், சாம்பல் எரியாது, அது வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

சரி, அப்படியானால் பழையதுதான் சரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பழையது என்று மொத்தமாகச் சொல்வதே தப்பு. டீசலைச் செலுத்த முழு மெக்கானிக்கல் பம்ப் வைத்த எஞ்சின்கள் ஒரு ரகம். டொயோட்டாவின் 1எச்இசட், நிசானின் டிடி42, லேண்ட் ரோவரின் 300டிடிஐ எல்லாம் அந்தக் கூட்டம். இவற்றில் பெரும்பாலும் பம்பில் இருக்கிற நிறுத்து சோலனாய்டுக்கு (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு) 12 வோல்ட் போனால் போதும், ஓடிக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டர் செத்தாலும் வீடு வந்து சேரலாம். அதற்குப் பிறகு எலக்ட்ரானிக் கட்டுப்பாடும் காமன் ரெயிலும் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் முறை) வந்தன, ஆனால் டிபிஎஃப் இன்னும் வரவில்லை. 1990களின் கடைசியிலிருந்து 2000களின் நடு வரை, சில நாடுகளில் அதற்குப் பிறகும் விற்றவை அவை. மூன்றாவது ரகம் டிபிஎஃப், ஆட்புளூ (புகையின் நச்சைக் குறைக்கத் தனி டேங்கில் ஊற்றும் திரவம்) எல்லாம் சேர்ந்த இன்றைய எஞ்சின்.

முதல் ரகத்தைப் பற்றிப் புகழ்ந்து எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். 1எச்இசட் 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர், 1990இல் வந்தது. டர்போ இல்லாமல் சுமார் 130 குதிரைத்திறன்தான். முழு லோடு ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் போனால் பின்னால் வருகிறவர்களின் சாபம் எல்லாம் நமக்குத்தான். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் சக்தியை இழக்கும், மலைப்பாதையில் அது நன்றாகவே தெரியும். சரி, வெளியிலிருந்து ஒரு டர்போ மாட்டிக்கொள்ளலாம் என்று பலர் மாட்டுகிறார்கள். பம்பில் டீசலைக் கூட்டி, புகை சூட்டைப் பார்க்க மீட்டரும் வைக்காமல் ஓட்டினால், எஞ்சின் ஹெட்டில் இருக்கிற முன் அறைகளில் (டீசல் முதலில் எரியத் தொடங்கும் சின்ன அறைகள்) விரிசல் விடும். 1எச்இசட்டின் டைமிங் பெல்ட்டை 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். டிடி42இல் பெல்ட்டே கிடையாது, பல்சக்கரங்கள்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அதன் மேல் கூடுதல் பிரியம்.

பழையது என்றாலே குறை இல்லாதது என்றும் நினைக்க வேண்டாம். டொயோட்டாவின் ஆரம்ப கால 1எச்டி-டியில் பிக் எண்ட் பேரிங் தேய்மானம் பெயர் போனது. விவரம் தெரிந்தவர்கள் வாங்கியதும் முதல் வேலையாக அதை மாற்றிவிடுவார்கள். இடைக்கால எஞ்சின்களிலும் இப்படி உண்டு: நிசானின் ஆரம்ப இசட்டி30இல் பிஸ்டன் ஓட்டையாகும். டொயோட்டாவின் 1கேடியில், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் அடியில் இருக்கிற செம்பு வாஷர் கசிந்து, கரி ஆயிலில் இறங்கி, கடைசியில் ஆயில் உறிஞ்சும் வலையையே அடைத்துவிடும். லேண்ட் ரோவரின் டிடி5இல் இன்ஜெக்டர் வயர் வழியாகவே ஆயில் ஏறிக் கம்ப்யூட்டர் பெட்டி வரைக்கும் போகும். வண்டியின் பெயரை விடுங்கள், எஞ்சின் எண்ணைத் தேடிப் படியுங்கள்.

என் முதல் பழைய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஹீட்டர் பிளக் மாற்றினேன், பேட்டரி மாற்றினேன், பம்பையே பிரிக்க வேண்டும் என்று ஒரு மெக்கானிக் சொன்னார். ஒரு பெரியவர் வந்து பார்த்தார், பம்புக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாயை இடையில் செருகிவிட்டு "இப்போ ஸ்டார்ட் பண்ணு" என்றார். பொடிப் பொடியாகக் குமிழ் ஓடியது. டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயில் மயிரிழை வெடிப்பு, இரவெல்லாம் டீசல் பின்னால் இறங்கி அந்த இடத்தில் காற்று ஏறியிருக்கிறது. ஒரு துண்டுக் குழாய், இரண்டு கிளாம்ப், ஃபில்டர் தலையில் இருக்கும் பிரைமிங் பம்பை நாற்பது அமுக்கு. முடிந்தது. பழைய எஞ்சினின் அருமை இதுதான்: குறை கண்ணுக்குத் தெரியும். ஆனால் பார்க்கத் தெரிந்த கண் வேண்டுமே. அந்தப் பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார், இன்றைக்கு இருக்கிற இளம் மெக்கானிக்குகள் பலர் ஸ்கேனர் செருகும் துளை எங்கே என்று தேடுகிறார்கள். நீங்களே ஸ்பேனர் பிடிப்பீர்கள் என்றால் பழையதை வாங்குங்கள். கையில் கிரீஸ் படாது என்றால் பழையது உங்களுக்கு மலிவு கிடையாது.

ஊற்றுகிற டீசலின் தரம் விஷயத்தில் மட்டும் புது எஞ்சின் மன்னிக்கவே மன்னிக்காது. பழைய மறைமுக இன்ஜெக்ஷன் எஞ்சினில் (டீசலை முன் அறைக்குள் பீய்ச்சும் ரகம்) நாசில், அதாவது பீய்ச்சும் முனை, சுமார் 100 முதல் 200 பார் அழுத்தத்தில் திறந்துவிடும். காமன் ரெயிலில் 1,600, 2,000 பார், அதற்கு மேலும் உண்டு. அவ்வளவு அழுத்தத்தைத் தாங்க உள்ளே இருக்கும் இடைவெளிகள் மைக்ரான் கணக்கு. தண்ணீர் கலந்த டீசல் போனால் பம்ப் தேயும், அந்த இரும்புத் துகள் எல்லா இன்ஜெக்டருக்கும் போகும், அப்புறம் டேங்க் முதல் ரெயில் வரை எல்லாவற்றையும் மாற்றுவது வரைக்கும் பில் வரலாம். தூரப் பயணம் போகிறவர்கள் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றைக் கூடுதலாக மாட்டுங்கள், டிரம்மில் கிடக்கும் டீசலை நம்பாதீர்கள். கந்தகமும் இருக்கிறது: யூரோ 5, 6 எஞ்சின்கள் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) அளவே உள்ள டீசலுக்காகச் செய்தவை, தரம் குறைந்த டீசல் கிடைக்கும் நாடுகளைக் கடந்து போகத் திட்டம் என்றால் அதையும் கணக்கில் எடுங்கள். பழைய எஞ்சினுக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை.

ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து படியுங்கள். பழைய எஞ்சினில் எந்த சிலிண்டர் சரியாக அடிக்கவில்லை என்று பார்க்க, ஓடும்போதே நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். அதைப் பார்த்துவிட்டு காமன் ரெயிலில் செய்யாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், ஆபரேஷன் வரை போகும்.

ஆட்புளூ பற்றிச் சுருக்கமாக: 32.5 சதவீத யூரியா கரைசல், மைனஸ் 11 டிகிரியில் உறையும், தீர்ந்தால் பல வண்டிகள் எச்சரித்துவிட்டு அடுத்த முறை ஸ்டார்ட்டே ஆகாது. அதைத் தவறிப்போய் டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாமல் இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

காகித வேலையையும் மறந்துவிடாதீர்கள், புதியவர்கள் இடறுவது இங்கேதான். ஐரோப்பாவில் பல நகரங்கள் பழைய டீசலை உள்ளே விடுவதில்லை, அல்லது தினசரிக் கட்டணம் கேட்கின்றன. பதிவுப் புத்தகத்தில் யூரோ எண்ணைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் 25 வருஷம், கனடாவில் 15 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு இறக்குமதி விதி தளர்கிறது, ஜப்பானிலிருந்து நிறைய டீசல் லேண்ட் குரூசர்கள் அப்படி வருகின்றன. அவற்றில் சிலவற்றில் ஸ்டார்ட்டர் 24 வோல்ட், இரண்டு பேட்டரி இருக்கும், ஜம்ப் கேபிளை யோசிக்காமல் மாட்டிவிடாதீர்கள். "டிபிஎஃப்பை வெட்டி எறிந்துவிடலாம், எல்லோரும் செய்கிறார்கள்" என்று சொல்லும் நண்பர் எல்லா நாட்டிலும் ஒருவர் இருக்கிறார். பல நாடுகளில் அது சட்டவிரோதம், இன்ஷூரன்ஸ்காரருக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் நாளைக்கு கிளெய்மில் வந்து நிற்கும்.

என் கருத்து கேட்டால்: நகரத்துக்குள்ளேயே குட்டிக் குட்டி ஓட்டம் என்றால் டீசலையே விடுங்கள், பெட்ரோல் ஃபோர் வீல் டிரைவ் பாருங்கள். தினமும் நெடுஞ்சாலையில் அரை மணி நேரமாவது ஓடும் என்றால் புதிய டீசல் தாராளமாக வாங்கலாம், இழுவையும் பிரேக்கும் பாதுகாப்பும் பழையதோடு ஒப்பிடவே முடியாது, குழந்தைகள் இருந்தால் இது சாதாரண விஷயம் இல்லை. முதல் ரகம், இரண்டாவது வண்டியாகவும் பொழுதுபோக்காகவும் வைத்துக்கொள்ள. நான் இப்போது வைத்திருப்பது நடு ரகம், டிபிஎஃப் இல்லாத காமன் ரெயில், சர்வீஸ் ரசீது ஒன்றுவிடாமல் இருந்த ஒரே காரணத்துக்காக வாங்கினேன்.

தம்பி, சனிக்கிழமை ஒன்றைப் பார்க்கப் போவதாகச் சொன்னீர்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று விற்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது ஆள் ஒருவரைப் பின்னால் நிறுத்துங்கள்: லேசான வெள்ளைப் புகை ஓடிச் சூடானதும் மறைந்தால் சரி, நீலம் நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அப்படியே கவிழ்த்து வையுங்கள், லேசாக ஆடலாம், துள்ளிக் குதித்து விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். ஸ்டார்ட் ஆன ஒன்றிரண்டு நிமிஷத்திலேயே ரேடியேட்டர் மேல் குழாய் கல் மாதிரி விறைத்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம், பேரம் பேசாமல் வந்துவிடுங்கள். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்க்க மறக்காதீர்கள். பார்த்துவிட்டு எஞ்சின் எண்ணை இங்கே போடுங்கள், மீதியை அப்புறம் பேசுவோம்.