எண்ணும் எழுத்தும், சமச்சீர், நாஸ், ஐந்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு: உங்கள் மனதை விட்டுப் போகாத ஒரு நிமிடம் எது?

வேப்பமரத்தடி டீச்சர்:

இத்தனை நாளும் இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. 2022, எண்ணும் எழுத்தும் வந்த புதிது, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் வர வேண்டும் என்று அரசு கொண்டுவந்த திட்டம். ஒன்று முதல் மூன்று வரை மூன்று வகுப்புக்கும் நான் ஒருத்திதான். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஆப்பில் வரும் கேள்வியைக் கேட்டு, சொல்கிற பதிலைத் தொட்டு அனுப்ப வேண்டும், அதை வைத்துத்தான் பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று, கீழ்ப்படியிலிருந்து அரும்பா மொட்டா மலரா என்று பிரிப்பது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். வகுப்பறைக்குள் டவர் கிடைக்காது, வாசலில் வேப்பமரத்தடிக்குப் போனால் ஒரு கோடு வரும்.

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனை அங்கே கூட்டிப் போனேன். அவன் அம்மா கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வருகிற பையன். 34, 43 இரண்டில் எது பெரியது என்று கேட்டேன். "நாப்பத்தி மூணு" என்று பட்டென்று சொன்னான். தொட்டேன், சுற்றிக்கொண்டே இருந்தது, அப்புறம் ஆப் மூடிக்கொண்டது. திரும்ப முதலிலிருந்து. அதே கேள்வி. "நாப்பத்தி மூணு டீச்சர்", இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக. மறுபடியும் நின்றுவிட்டது. மூன்றாவது தடவை கேட்டபோது அவன் கேள்வியைக் கவனிக்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்தான். பார்த்துவிட்டு, "முப்பத்தி நாலு" என்றான். அதைத் தொட்டேன். அந்தத் தடவைதான் போய்ச் சேர்ந்தது.

பிள்ளை சொல்கிற பதிலைத்தான் பதிய வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள், நானும் அதையே செய்தேன். ஆனால் டீச்சர் திரும்பத் திரும்பக் கேட்டால் சொன்னது தப்பு என்று அர்த்தம், இதை அவனுக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தானே. முதலில் சொன்னதை ஏன் தொடவில்லை என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சமச்சீர் முதல் செட்:

எங்கள் கதை 2011. நான் பத்தாம் வகுப்பு. ஒன்றுக்கும் ஆறுக்கும் அதற்கு முந்தின வருடமே சமச்சீர், அதாவது எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டம், வந்துவிட்டது, எங்களுக்கு அந்த வருடம் வர வேண்டும். மே மாதம் ஆட்சி மாறியது, புத்தகம் வரும் என்றார்கள், வராது என்றார்கள், வழக்கு உயர் நீதிமன்றம் போய் உச்ச நீதிமன்றம் போய், ஆகஸ்ட் 9 தீர்ப்பு வந்த பிறகுதான் புத்தகம் கைக்கு வந்தது. அதுவரை பொதுத்தேர்வு வகுப்பில் புத்தகமே இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். கணக்கு சார் மட்டும் எந்தப் பாடத்திட்டம் வந்தாலும் இயற்கணிதம் இருக்கும்டா என்று சொல்லி அதையே நடத்தினார், அவருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவன்.

மறக்க முடியாதது புத்தகம் கொடுத்த நாள்தான். புது ஆட்சி வேண்டாம் என்ற பகுதிகளை மறைத்து, சில பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மொத்த வகுப்பும் பாடத்தைத் திறக்காமல் ஸ்டிக்கருக்கு அடியில் என்ன இருக்கிறது என்றுதான் பார்த்தது. பக்கத்தில் இருந்தவன் எச்சில் தொட்டு நனைத்து நனைத்து உரித்தான், தாளே கிழிந்து வந்துவிட்டது. அவன் வீட்டில் முதன்முதலாகப் பத்தாவது வரைக்கும் வந்தவன் அவன்தான். இரண்டு மாதம் காத்திருந்து வாங்கிய புத்தகம் முதல் நாளே கிழிந்துவிட்டதே என்று அவன் அழுத அழுகையை என்னால் மறக்க முடியவில்லை. பெரியவர்கள் சண்டையில் அவனுக்கு என்ன சம்பந்தம்?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

வேப்பமரத்தடி டீச்சருக்கு. நீங்கள் 43-ஐத் தொட்டிருக்க வேண்டும் அம்மா. பிள்ளைக்குத் தெரிந்ததைப் பதிவதுதான் மதிப்பீடு, கடைசியாக வாயில் வந்ததைப் பதிவது இல்லை. என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். பிள்ளைகள் அட்டைகளை வைத்து, ஏணி மாதிரி ஒவ்வொரு படியாக அவரவர் வேகத்தில் படிக்கிற செயல்வழிக் கற்றல் 2007-ல் எல்லாத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தபோது, ஏணிப்படியில் எங்கே நிற்கிறாய் என்று ஒரு பெண்ணைக் கேட்டேன். அட்டையில் இருந்த படத்தைத் தொட்டுக் காட்டி, "இதுல மூணு வாரமா நிக்கறேன் சார், தாண்ட முடியல" என்றாள். அதை அவள் வாயால் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆப்பே வேண்டாம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எழுத்துக்கூட்டத் தெரியாமலே ஐந்தாம் வகுப்பு வரைக்கும் வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், எந்த ஏட்டிலும் அந்தக் குறை இருக்காது, எல்லோரும் தேர்ச்சி. பதிவு வேண்டும். ஆனால் முதலில் ஒரு நோட்டில் பென்சிலால் எல்லாப் பிள்ளைகளின் பதிலையும் எழுதிக்கொள்ளுங்கள், சாயங்காலம் வீட்டில் டவர் கிடைக்கிற இடத்தில் உட்கார்ந்து ஏற்றுங்கள். ஒரே நாளில் எல்லோரையும் முடிக்க நினைக்காதீர்கள், காலை முதல் பாடவேளையில் ஐந்து பேர் போதும். திரும்பக் கேட்கிற நிலைமை வந்தால் "போன் மறந்துடுச்சுடா, நீ சொன்னது சரியாக் கேக்கல" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். போனைப் பிள்ளை கண்ணுக்குத் தெரிகிற மாதிரிப் பிடிக்கவே கூடாது, உங்கள் முகம் சுருங்கினால் அவன் முகமும் சுருங்கும். அப்புறம், ஒரு சின்ன வெள்ளைப் பலகை வாங்கி இரண்டு எண்ணையும் எழுதிக் காட்டுங்கள், காதால் கேட்பதை விட அது நல்லது. பெற்றோரிடமும் அரும்பு என்றால் மட்டம் இல்லை, இப்போது இந்தப் படியில் இருக்கிறான் என்றுதான் அர்த்தம் என்று ஒருமுறை கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். இதையெல்லாம் பதினைந்து நாள் செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஐந்தாம் வகுப்பு அம்மா:

சார், டீச்சர் யோசனை கேட்கவில்லை, மனசில் இருக்கிறதைச் சொன்னார்கள். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து ஏற்றச் சொல்கிறீர்கள், அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கும் இல்லையா?

2019-ல் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்களே, அப்போது என் பெரியவள் ஐந்தாம் வகுப்பு. முதல் மூன்று வருடம் யாரையும் நிறுத்தி வைக்க மாட்டோம் என்றும் அரசு சொல்லியிருந்தது, ஆனால் அது பத்து வயசுப் பிள்ளை காதில் விழவில்லை. பொதுத்தேர்வு என்ற வார்த்தை மட்டும்தான் விழுந்தது. ஒரு ராத்திரி விளக்கை அணைத்த பிறகு கேட்டாள், "அம்மா, நான் ஃபெயிலாயிட்டா தங்கச்சி எங்கிளாசுக்கு வந்துடுவாளா?" சின்னவள் ஒரு வகுப்புதான் கீழே. நான் சிரித்துச் சமாளித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தங்கச்சிக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். 2020 பிப்ரவரி 4-ம் தேதி ரத்து செய்துவிட்டார்கள், டிவியில் பார்த்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். "சரி" என்றாள், அவ்வளவுதான். தங்கச்சிக்குச் சொல்லிக் கொடுக்கும் பழக்கம் மட்டும் திரும்ப வரவே இல்லை.

களப்பணிக்குப் போன பிஎட் மாணவி:

நான் மதிப்பீடு செய்யப் போன பக்கத்து ஆள். 2021 நவம்பர் 12, நாஸ், அதாவது பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று நாடு முழுக்க எடுக்கிற தேசிய அடைவு ஆய்வு. மூன்றாம் வகுப்பு. அந்த மாதம் 1-ம் தேதிதான் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளியே திறந்தது. 2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்போடு வீட்டுக்குப் போன பிள்ளைகள், திரும்பி வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, நான் வினாத்தாளோடு போய் நிற்கிறேன்.

ஒரு குட்டிப் பெண் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தாள். நன்றாகச் செய்கிறாள் போலிருக்கிறது என்று சந்தோஷமாகப் பக்கத்தில் போனேன். எந்த விடையையும் குறிக்கவில்லை. ஓரத்தில் தன் பெயரை எழுதியிருந்தாள், மேலிருந்து கீழ் வரை, ஏழெட்டுத் தடவை, ஒவ்வொரு எழுத்தும் அவ்வளவு அழகு. "அக்கா, எனக்கு இது நல்லா வரும்" என்றாள். அதைக் குறித்துக்கொள்ள என்னிடம் இருந்த தாளில் இடமே இல்லை. வகுப்பாசிரியை ஜன்னலுக்கு வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் வயசுக்கு நான் மகள் மாதிரி. எண்ணும் எழுத்தும் மதிப்பீட்டுக்கு பிஎட் படிக்கிறவர்கள் வந்து எங்களை மதிப்பிடுவதா என்று 2023-ல் ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தபோது என் தோழிகளுக்குக் கோபம் வந்தது, எனக்கு வரவில்லை.

பிளஸ் ஒன் விலங்கியல்:

தம்பி, தங்கைகள் எல்லோரும் பிள்ளைகளைச் சொல்கிறீர்கள், நான் என்னைச் சொல்கிறேன். 2018-ல் பதினொன்றுக்குப் புதுப் புத்தகம். இருபது வருடம் நோட்டைப் பார்க்காமல் நடத்தியவன், ராத்திரி பன்னிரண்டு வரை மறுநாள் பாடத்தைப் படித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பெண் கேட்ட கேள்விக்கு நாளைக்குச் சொல்கிறேன் என்றேன், வேலைக்கு வந்த பிறகு முதல் தடவையாக. மறுநாள் அவளே பாடத்தில் இருந்த கியூஆர் கோடை அம்மா போனில் ஸ்கேன் செய்து, பதிலை எழுதிக்கொண்டு வந்து, யாரும் பார்க்காமல் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். 2025-ல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வே இல்லை என்று ஆகிவிட்டது. அந்தத் தாளை மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன்.

வேப்பமரத்தடி டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. தலைமையாசிரியர் ஐயா, கோபமில்லை, பென்சில் நோட்டு அடுத்த மாதமே போட்டுவிட்டேன்.

பையன் இப்போது ஐந்தாம் வகுப்பு. போன வாரம் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். வெளியே லாரி போன சத்தத்தில் காதில் விழாமல், திரும்பச் சொல்லு என்றேன். பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "சரியாத்தான் சொன்னே, எனக்குத்தான் கேக்கல" என்றேன். அதற்கப்புறம்தான் மேலே சொன்னான்.